இரண்டு அடிகளுக்கு நடுவே

சில புத்தகங்கள் படமாகிவிட்டன என்று கேள்விப்படும்போது மனம் மகிழ்வதற்கு முன்னால் ஒரு கணம் சுருங்கிக்கொள்கிறது. படம் மோசமாக இருக்குமோ என்ற பயத்தால் அப்படி ஆவதில்லை. மோசமான படத்தை மறந்துவிடலாம். அந்தப் புத்தகத்தில் எதை நேசித்தோம் என்று நமக்கே சரியாகத் தெரியாமல் உள்ளே வைத்திருந்ததைப் படம் வெளிச்சத்தில் எடுத்துப் போட்டு, இதுதானே, இவ்வளவுதானே என்று கேட்டுவிடுமோ என்றுதான் பயம். மைக்கேல் மர்ஃபியின் 'கோல்ஃப் இன் த கிங்டம்' 1972இல் வெளிவந்த நாவல். கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாக்க வெகுகாலம் விரும்பினார், நடக்கவில்லை. கடைசியில் சூசன் ஸ்ட்ரைட்ஃபெல்ட் 2010இல் எடுத்து முடித்தார். படம் பார்த்து வெகுநாளாகியும் அது தந்த சங்கடம் போகவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியவில்லை. எடுத்தவர்களுக்கு நாவல்மேல் இருந்த பிரியம் படம் நெடுகத் தெரிகிறது. அதன் பேச்சை, அதன் வரிசையை, அதன் மூடுபனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாவல் அங்கே இல்லை. இவ்வளவு பிரியம் இருந்தும் அது எந்த வழியாக நழுவிப்போயிற்று என்பதுதான் என்னை விடாத கேள்வி.

எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. நாவலுக்குள் நுழைய அது தேவைப்படவும் இல்லை. 1956 ஜூன் மாதம், இந்தியாவுக்குப் போகிற வழியில் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் இறங்கும் அமெரிக்க இளைஞன் ஒருவன், பர்னிங்புஷ் என்ற மைதானத்தில் ஷிவாஸ் அயர்ன்ஸ் என்ற ஆட்ட ஆசானோடு ஒரு பகல் ஆடுகிறான். மாலையில் ஒரு வீட்டில் விருந்து. நள்ளிரவில் மறுபடியும் மைதானம். பிறகு அவன் தன் வழியே போய்விடுகிறான். கதை இவ்வளவுதான். பர்னிங்புஷ் எந்த வரைபடத்திலும் கிடையாது. அதே பகுதியில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைத் தெரிந்தவர்களுக்கு அதன் சாயல் தெரியும். இளைஞனின் பெயரும் மைக்கேல் மர்ஃபிதான். அவன் போய்ச்சேர வேண்டிய இடம் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம். அந்த ஒரே நாளின் கனம்தான் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது. ஒருவன் மோசமாக ஆடுகிறான், ஆத்திரப்படுகிறான், அப்புறம் ஏதோ ஒரு கணத்தில் கை தளர்ந்து நன்றாக ஆடிவிடுகிறான். ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை. விளங்காத அந்த ஒன்றைப் பல வருஷம் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தவன் எழுதியதாகவே நாவலின் குரல் ஒலிக்கிறது. தான் கண்டது என்ன என்று அவனுக்கு நிச்சயமில்லை. அந்த நிச்சயமின்மைதான் நம்மை அவனோடு கூட்டிப்போகிறது.

ஒரு சின்னக் கணக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. பதினெட்டுக் குழிகளை ஆடி முடிக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். ஓரளவு ஆடப் பழகியவர் அதற்குள் எண்பது தொண்ணூறு முறை பந்தை அடிப்பார். மட்டையை ஓங்கி வீசி முடிக்க ஒன்றரை நொடி போதும். எல்லா அடிகளையும் சேர்த்தாலும் இரண்டரை நிமிடம் தேறாது. மட்டையின் முகத்தில் பந்து ஒட்டியிருக்கும் நேரமோ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் நடை. புல்மேட்டில் ஏறி இறங்கி, காற்றுக்கு முகம் கொடுத்து, பையின் பாரம் ஒரு தோளில் இழுக்க நடக்கிற நடை. அந்த நடையில்தான் போன அடியின் அவமானம் இன்னும் காதில் சுடுகிறது, வரப்போகும் அடியின் பயம் விரல் நுனியில் குறுகுறுக்கிறது. இரண்டுக்கும் இடையில் காலுக்குக் கீழே மண் இருக்கிறது என்ற நினைப்பே வருவதில்லை. ஷிவாஸ் அயர்ன்ஸ் சொல்வதன் சாரம் இதுதான்: ஆட்டம் ஏற்பட்டது நடப்பதற்காக, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கிற நேரத்தில் மனசு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கக் கற்றவனுக்கு அடி தானாக வந்து சேரும். நாவல் முழுவதையும் இந்த ஓர் எண்ணம் தாங்கி நிற்கிறது. சினிமாவின் கத்திரி முதலில் விழுவதும் இங்கேதான். ஒருவன் பந்தை அடிக்கிறான், பந்து விழுகிறது, அடுத்த காட்சியில் அவன் பந்தருகே நிற்கிறான். நடுவில் இருந்த முந்நூறு கெஜம் எடிட்டிங் மேஜையில் காணாமல் போகிறது. வெட்டியவரைக் குறை சொல்லவும் முடியாது. விளையாட்டுப் படங்கள் எல்லாமே அடியிலிருந்து அடிக்குத் தாவித்தான் பிழைத்திருக்கின்றன. ஆனால் இந்த நாவலில் வெட்டுப்பட்டது ஆட்டத்தின் ஓய்வுநேரமா, ஆட்டமேயா?

நாவலின் நள்ளிரவுப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். விருந்து முடிந்து, குடியும் பேச்சும் இன்னும் தலைக்குள் சுழல, ஷிவாஸும் இளைஞனும் பதின்மூன்றாம் குழியருகே இருக்கும் பள்ளத்துக்குப் போகிறார்கள். ஷிவாஸின் குருவான சீமஸ் மக்டஃப் அங்கே எங்கோ வாழ்வதாகச் சொல்கிறார்கள். அவர் கண்ணில் படுவதில்லை. அவருடைய பழைய மட்டையும் இறகுப் பந்தும்தான் கிடைக்கின்றன. இறகுப் பந்து என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்தில் புழங்கியது. ஈரத் தோலைப் பையாகத் தைத்து, வேகவைத்த வாத்து இறகுகளை அதற்குள் திணி திணி என்று திணித்து மூடுவார்கள். காயக் காயத் தோல் சுருங்கும், இறகு விரியும். உள்ளே இருப்பது வெளியே தள்ள, வெளியே இருப்பது உள்ளே அழுத்த, அந்த இழுபறியில் பந்து கல்லாக இறுகும். அப்படி ஒரு பந்தை ஷிவாஸ் இருட்டுக்குள் அடிக்கிறான். பந்து கண்ணில் படவில்லை. இருவரும் மேட்டில் ஏறிப் போய்க் குழிக்குள் பார்க்கிறார்கள். பந்து அங்கே இருக்கிறது. இதை வாசிக்கும்போது நமக்கு அற்புதம் பார்த்த பரவசம் வருவதில்லை. அடித்ததற்கும் பந்தைக் கண்டதற்கும் இடையில் இருட்டில் ஏறிய அந்த மேடுதான் மனசில் நிற்கிறது. பந்து குழியில் இருக்குமா என்று ஒருவன் எதிர்பார்க்கிறான். இருந்துவிடுமோ என்று அஞ்சவும் செய்கிறான். வாசகனும் அதே இருட்டில்தான் ஏறுகிறான், ஏனென்றால் அச்சடித்த பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. திரையில் இருட்டைக் காட்ட வேண்டுமானால் எங்காவது ஒரு விளக்கு வேண்டும். விளக்கு வந்ததும் பார்ப்பவனுக்குக் கண் கிடைத்துவிடுகிறது. கண் கிடைத்தவன் பந்தைத் தேடத் தொடங்கிவிடுகிறான். நம்பிக்கை இருந்த இடத்தில் தகவல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விருந்துக் காட்சியில் நடப்பது இன்னும் நுட்பமானது. நாவலில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கோல்ஃப் என்றால் என்ன என்று சொல்கிறார்கள். பிளேட்டோவின் 'சிம்போசியம்' உரையாடலில் காதலைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு பேசுவார்களே, அந்த அமைப்பை மர்ஃபி தெரிந்தே எடுத்து ஆண்டிருக்கிறார். பேச்சுகளில் சில ஆழமானவை, சில வெறும் ஜம்பம், சில பாதியில் அறுந்துபோகிறவை. வாசகன் வேண்டிய இடத்தில் நிற்கலாம், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம், ஒரு பேச்சை நம்பாமல் விட்டு அடுத்ததற்குப் போகலாம். படத்தில் மால்கம் மக்டவல், ஜோஆன் வாலி, ஃபிரான்சிஸ் ஃபிஷர் என்று தேர்ந்த நடிகர்கள் அந்த மேஜையில் இருக்கிறார்கள். ஷிவாஸாக வரும் டேவிட் ஓஹாரா கிளாஸ்கோக்காரர்; அந்த உச்சரிப்பு அவர் வாயில் பொய்யாக ஒலிக்காது. குறை நடிப்பில் இல்லை. நாவலில் இந்த வார்த்தைகள் எல்லாம் ஒருவனின் ஞாபகத்தில் வடிந்து வந்தவை. நான் கேட்டது இதுதானா, இல்லை பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டதா என்று அவன் தயங்குகிற தயக்கம் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் ஓடுகிறது. திரையில் ஒரு முகம் நேராக நின்று அதே வார்த்தைகளைச் சொல்லும்போது ஞாபகத்தின் அந்த ஈரம் உலர்ந்துவிடுகிறது. எஞ்சுவது உபதேசம். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. வார்த்தை நின்ற இடம் மாறிவிட்டது. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டால் அதைக் காப்பாற்றிவிட்டோம் என்ற எண்ணத்தில் இருக்கும் ஆபத்து எனக்கு இங்கேதான் புலப்பட்டது.

நேர் எதிர்த் திசையில் போன படமும் ஒன்று உண்டு. ஸ்டீவன் பிரஸ்ஃபீல்டின் 'த லெஜண்ட் ஆஃப் பேகர் வான்ஸ்' 1995இல் வந்த நாவல். ராபர்ட் ரெட்ஃபோர்ட் 2000இல் அதைப் படமாக்கினார். பகவத் கீதையைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கொண்டுவந்த கதை. 1931இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகருக்கருகே நடக்கும் போட்டியில் பாபி ஜோன்ஸ், வால்டர் ஹேகன் என்ற இரண்டு நிஜ சாம்பியன்களுக்கு எதிராக ஆட வேண்டிய ஜூனா, முதல் உலகப் போரில் உள்ளம் நொறுங்கித் திரும்பியவன். மட்டையைத் தூக்க மனமில்லாமல் நிற்கிறான். வில்லை நழுவவிட்ட அர்ஜுனன் அவன். மட்டைகளைச் சுமக்கும் கேடியாக அவனோடு நடக்கிற பேகர் வான்ஸ்தான் தேரோட்டி. நாவலில் விஸ்வரூபத்தை ஒட்டிய தரிசனப் பகுதியும் உண்டு. ரெட்ஃபோர்ட் தரிசனத்தைத் தள்ளிவிட்டார், காதலுக்கு இடம் கொடுத்தார், சவானாவின் தங்க வெயிலைத் திரை நிறைய விரித்தார். ஒருமுகப்பட்ட பார்வை வாய்க்கும் கணத்தைக் காட்டக் கூட்டம் மங்கி மறைய, புல்வெளி மட்டும் எஞ்சி நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருமுகப்படுவது என்றால் மற்றவை மறைந்துபோவதா? கீதையில் போர்க்களத்தின் இரைச்சல் அடங்கிவிட்டதாக எனக்கு நினைவில்லை. சங்குகள் ஊதி ஓய்ந்து, இரு பக்கமும் படை நிற்க, அதன் நட்டநடுவில் தேரை நிறுத்தித்தான் அந்தப் பேச்சு நடக்கிறது. எல்லாம் இருக்கும்போதே ஒருவன் நிலைப்பதுதான் அங்கே விஷயம்.

ஆனாலும் அந்தப் படத்தில் ஓர் இடத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. பந்தருகே கிடந்த சுள்ளியை அகற்றும்போது பந்து இம்மி அசைந்துவிடுகிறது. ஜூனாவும் உடனிருக்கும் சிறுவனும் மட்டுமே அறிந்த அசைவு. ஓர் அடி கூடினால் வெற்றி கைநழுவும். சொல்லாதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சிறுவன் கெஞ்சுகிறான். ஜூனா தானே சொல்லித் தண்டனையை ஏற்றுக்கொள்கிறான். வினையைச் செய், பலனைப் பற்றாதே என்பதை இந்த ஒரு செயல் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. பேகர் வான்ஸ் பேசுகிற எந்தப் பேச்சும் இதற்கு ஈடில்லை. ஆனால் இந்தப் படத்தை இன்னொரு கேள்வியிலிருந்து காப்பாற்ற முடியாது. பேகர் வான்ஸாக நடித்தவர் வில் ஸ்மித். இனப் பிரிவினைச் சட்டங்கள் கோலோச்சிய 1931இன் ஜார்ஜியாவில் ஒரு கறுப்பின மனிதன் வெள்ளைக்காரனின் பையைத் தூக்கிக்கொண்டு அவன் ஆன்மாவுக்கு வைத்தியம் பார்க்கிறான். தனக்கென்று ஊர், குடும்பம், கோபம் எதுவும் இல்லை. இயக்குநர் ஸ்பைக் லீ 2001இல் இதைக் கடுமையாகச் சாடினார். அதே ஜார்ஜியாவின் அகஸ்டா மைதானத்தில் 1982 வரை மாஸ்டர்ஸ் போட்டியில் கேடிகள் எல்லாரும் கறுப்பினத்தவர்கள். கறுப்பின உறுப்பினர் ஒருவரை அந்த கிளப் சேர்த்துக்கொண்டது 1990இல்தான். தேரோட்டியாக இறங்கிவந்த கடவுளை எழுத்தில் அருவமாக வைத்திருக்கலாம். திரையில் அவனுக்கு ஓர் உடம்பு வேண்டும். உடம்புக்கு நிறம் உண்டு, நிறத்துக்கு அந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. ஆன்மிகத்தைப் படமாக்குகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்த உடம்புக்கு. இறைவன் பணியாளாக வந்தான் என்ற கதை, பணியாளாக இருப்பதைத் தவிர வேறு வழியே தரப்படாத மனிதர்கள் நடுவே சொல்லப்படும்போது அதன் பொருள் முன்போல இருக்காது.

இடமாற்றம் என்பது லேசான காரியம் இல்லை என்பதை ஸ்ட்ரைட்ஃபெல்டின் படப்பிடிப்பு நடந்த மண்ணே சொல்கிறது. ஸ்காட்லாந்தில் நடக்கும் கதையை அவர்கள் அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில், பேண்டன் டூன்ஸ் மைதானங்களில் எடுத்தார்கள். அங்கே மணல்மேடும் கடல்காற்றும் மூடுபனியும் ஃபைஃப் போலவே இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது: கார்ஸ் என்ற முட்புதர். ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களில் அது மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும். வெயில் ஏறினால் அந்தப் பூவிலிருந்து தேங்காய் வாசனை வரும்; முள்ளோ கையைக் கிழிக்கும், உள்ளே போன பந்து திரும்பாது. பேண்டனுக்கு அது தானாக வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜ் பென்னெட், பிறந்த மண்ணின் நினைவாக அதைக் கொண்டுவந்து நட்டார். புதிய மண்ணில் அதைத் தடுப்பார் இல்லை. ஊரைச் சுற்றிப் படர்ந்தது. எண்ணெய்ச் சத்து மிகுந்த செடி அது. 1936 செப்டம்பரில் காட்டுத்தீ வந்தபோது வீதி வீதியாகப் பற்றிக்கொண்டு எரிந்து ஊரையே அழித்தது. நம் நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளிலும் பிரிட்டிஷார் ஆசையாகக் கொண்டுவந்து வைத்த இதே புதர் இன்றும் சோலைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நாவலின் மைதானத்துக்கு மர்ஃபி வைத்த பெயர், எரிந்தும் கருகாமல் நின்று மோசேயிடம் பேசிய விவிலியப் புதரின் பெயர். படம் எடுக்கப்பட்ட ஊரிலோ புதர் எரிந்தது, ஊரும் கருகியது. பென்னெட் அந்தச் செடியைக் கொண்டுவந்தது பிரியத்தால்தான். பிரியத்தோடு பெயர்த்து நடப்படுவது எல்லாம் புது மண்ணில் பழைய மாதிரியே இருந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. எதை நடுகிறோம் என்பதோடு எந்த மண்ணில் நடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே வந்து நின்றபோதுதான் நாவலையே வேறு விதமாகப் பார்க்கத் தோன்றியது. நிஜ வாழ்க்கையின் மர்ஃபி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் ஸ்பீகல்பெர்க்கின் வகுப்பில் கீழை மரபுகளை அறிந்து, அரவிந்தரைப் படித்து, 1956இல் புதுச்சேரிக்கு வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கைமாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்த ஊர். அரவிந்தர் 1950இலேயே மறைந்துவிட்டார். ஆசிரமத்தை நடத்திக்கொண்டிருந்தவர் ஸ்ரீ அன்னை. மர்ஃபி ஒரு வருஷத்துக்கும் மேல் அங்கே இருந்தார். உடம்பைத் துறக்கச் சொல்லாத யோகம் அது. ஆசிரமப் பள்ளியில் உடற்பயிற்சிக்கு முக்கிய இடம் இருந்தது. அதற்கென்று 1949இல் தொடங்கிய இதழில் அரவிந்தரே எழுதினார். அன்னை எழுபது வயதைக் கடந்த பிறகும் டென்னிஸ் ஆடினார். புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் 1950இல் அவரை டென்னிஸ் மைதானத்தில் படமெடுத்திருக்கிறார். அரவிந்தரோ அறைக்குள் மணிக்கணக்காக முன்னும் பின்னும் நடப்பதையே தம் சாதனையின் ஒரு பகுதியாக வைத்திருந்தவர். மர்ஃபி ஊர் திரும்பி, 1962இல் டிக் பிரைஸோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் எஸலன் நிலையத்தைத் தொடங்கி, அதற்கும் பத்து வருஷம் கழித்து இந்த நாவலை வெளியிட்டார். அதில் புதுச்சேரியை விரித்துச் சொல்லவில்லை. போகிற வழியில் இருந்த ஒரு நாளை எடுத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கற்றதை எல்லாம் அதற்குள் வைத்தார். தியான மண்டபம் இருக்க வேண்டிய இடத்தில் புல்மேடு இருக்கிறது, சாதகன் இருக்க வேண்டிய இடத்தில் கோபக்கார ஆட்டக்காரன் இருக்கிறான், அறைக்குள் நடந்த நடை கடற்கரை நடையாகியிருக்கிறது. ஆக, இந்த நாவலே ஒரு தழுவல்தான். ஆசிரமச் சொற்களை அப்படியே எடுத்து வந்திருந்தால் அது நூற்றோடு நூற்றொன்றான பயண நூலாக நின்றிருக்கும். அவர் சொற்களை விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்து வந்தார். அவருடைய நாவலைப் படமாக்க வந்தவர்கள் சொற்களை எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டார்கள்.

நடையைச் சினிமாவால் காட்ட முடியாது என்று யாராவது சொன்னால் இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 'நாஸ்டால்ஜியா'வைத்தான் நினைத்துக்கொள்வேன். 1983இல் வந்த படம். இத்தாலியின் பான்யோ விக்னோனியில் நீர் வடிந்த பழைய குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எரியும் மெழுகுவர்த்தியோடு ஒருவன் நடக்க வேண்டும். பித்தன் என்று ஊர் ஒதுக்கிய ஒருவனுக்குக் கொடுத்த வாக்கு அது. காட்சி ஏறத்தாழ ஒன்பது நிமிடம், ஒரு வெட்டுகூடக் கிடையாது. சேறும் ஆவியும் நிறைந்த தரையில் அவன் மேலங்கியின் மடிப்பால் சுடரை மறைத்துக்கொண்டு போகிறான். சுடர் அணைகிறது. திரும்பிப் போய்ச் சுவரைத் தொட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு தொடங்குகிறான். மறுபடியும் அணைகிறது. மூன்றாம் முறை கிளம்பும்போது நாம் திரைக்கு வெளியே இல்லை. நம் மூச்சு அந்தச் சுடரின் மேல் படுகிறது. காற்று நம் பக்கமிருந்து வந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொள்கிறோம். யாரும் எதையும் விளக்குவதில்லை. இதனால் உலகம் காப்பாற்றப்படுமா என்று கேட்டால் அபத்தமாக இருக்கும், ஆனால் அந்த ஒன்பது நிமிடமும் அப்படித்தான் நம்புகிறோம். அற்பமான ஒரு விதி, அதற்குத் தன்னை முழுதாகக் கொடுக்கும் ஓர் உடம்பு, இடையில் குறுக்கிடாத நேரம். 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழிக்குள் ஒரு சிறு பந்தை மெதுவாக உருட்டுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வண்டிகளுக்கு இடமில்லாமல், எல்லாரும் நடந்தே ஆட வேண்டும் என்று வைத்திருக்கும் இடம் பேண்டன் டூன்ஸ். அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, இருவர் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும் முழு நடையையும் வெட்டில்லாமல் ஒரே ஒரு முறை எடுத்திருந்தால் அந்தப் படம் எனக்கு வேறாகியிருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நாவல் இரண்டு பாகமாக இருக்கிறது. முதல் பாகம் கதை. இரண்டாம் பாகம் ஷிவாஸின் குறிப்பேடுகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் சிந்தனைகளும் பயிற்சிகளும். பலர் இரண்டாம் பாகத்தைப் பாதியில் மூடிவிடுகிறார்கள். எனக்கும் அது சில இடங்களில் நெஞ்சில் ஒட்டவில்லை. ஆனால் மர்ஃபிக்கு அது பின்னிணைப்பு இல்லை என்றே நினைக்கிறேன். கதை உன்னை வாசல் வரை கூட்டிவந்தது, இனி நீ செய்து பார் என்று அவர் சொல்கிறார். பயிற்சி என்பது கதையாகாது. ஒரே காரியத்தைத் தினமும் செய்கிறவன் வாழ்வில் திருப்பம் கிடையாது, உச்சம் கிடையாது, நேற்றைவிட இன்று எவ்வளவு முன்னேறினோம் என்ற கணக்குகூடக் கிடையாது. அப்படியானால் ஆன்மிகத்தைக் கதையாகச் சொல்வதே, அது நாவலாக இருந்தாலும் படமாக இருந்தாலும், அதன் உயிரான பகுதியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறதா? திரைப்படம் இழந்தது என்று நான் பட்டியலிடுகிறவற்றில் பாதியை நாவலும் ஏற்கெனவே இழந்திருக்கிறதா? இருக்கலாம். ஆனால் நாவல் தன் இழப்பை அறிந்திருக்கிறது. கதை முடிந்த இடத்தில் தன்னை உடைத்துக்கொண்டு, வாசகனின் கையில் வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறது. ஸ்ட்ரைட்ஃபெல்டின் படம் தன்னால் முடியாதது எது என்று எங்கும் காட்டிக்கொள்ளவில்லை. ரெட்ஃபோர்டின் படம், முடியாததைச் சமனில் முடிந்த போட்டியாக்கி, யாரையும் தோற்கவிடாமல் வீட்டுக்கு அனுப்புகிறது. இரண்டிலுமே பார்த்துவிட்டு எழுகிறவனுக்கு என்று ஒரு வேலையும் மிஞ்சுவதில்லை.

நேசிக்கும் புத்தகத்தைப் படமாக்க வருகிறவர்கள் தங்கள் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டும் என்று வாசகர்கள் நாம்தான் காலங்காலமாகக் கேட்டுவந்திருக்கிறோம். அந்த வசனம் இருக்கிறதா, அந்தக் காட்சி இருக்கிறதா, முடிவை மாற்றிவிட்டார்களா என்று வாசலில் நின்று சரிபார்க்கிறோம். இனி அப்படிக் கேட்க எனக்கு மனமில்லை. மர்ஃபி புதுச்சேரிக்குச் செய்ததைத்தான் அவருடைய நாவலுக்கும் ஒருவர் செய்ய வேண்டும். அந்தப் படத்தில் கோல்ஃப் இல்லாமலே போகலாம், ஸ்காட்லாந்து இல்லாமல் போகலாம், ஷிவாஸ் என்ற பெயரே வராமல் போகலாம். இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு உங்கள் நடை மாறியதா, தவறிய அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் உங்கள் மனசு நிற்கும் இடம் மாறியதா என்று மட்டும்தான் எடுக்க வருகிறவரிடம் கேட்பேன். மாறியிருந்தால் அந்த மாற்றத்தை எடுங்கள். மாறவில்லையென்றால் இன்னும் சில காலம் நடந்துவிட்டு வாருங்கள். புத்தகம் எங்கும் போய்விடாது.